சேலை டேக்ல நெய்தவங்க எங்க? சஸ்டைனபிள் ஃபேஷன் பத்தி ஒரு எளிய விளக்கம்

போன வாரம் தங்கச்சி ஒரு காட்டன் சேலை படத்தை அனுப்பி, "அக்கா இது சஸ்டைனபிள்னு போட்டிருக்காங்க, 4,800 ரூபாய், வாங்கலாமா?"ன்னு கேட்டா. டேக்ல மூணு வரி இருந்துச்சு, கையால நெய்தது, இயற்கை சாயம், பூமிக்கு நல்லது. நெய்தவங்க யாரு, எந்த ஊரு, அவங்க கைக்கு எவ்வளவு போச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவளுக்கு வாய்ஸ் நோட்ல பதில் சொல்ல ஆரம்பிச்சேன், அது கால் மணி நேரம் ஓடிருச்சு, பேசாம எழுதிடலாமேன்னு உக்காந்துட்டேன், இந்த வார்த்தைய அங்கங்க கேள்விப்பட்டு ஆனா சரியா என்னன்னு யாரும் சொல்லித் தராதவங்களுக்கும் உதவும்.

முதல்ல சஸ்டைனபிள் ஃபேஷன்னா என்ன? ஒரு துணி பருத்திக் காட்டுல ஆரம்பிச்சு கடைசியில பழந்துணியா குப்பைக்குப் போற வரைக்கும் மண்ணு, தண்ணி, மனுஷங்க இந்த மூணையும் பாழாக்காம இருக்கணும், இன்னும் அம்பது வருஷம் கழிச்சும் இதே மாதிரி செய்ய முடியணும், அவ்வளவுதான். பாழாக்குனா என்ன ஆகும்னு பாக்க நம்ம வெளிநாடு போக வேண்டாம், திருப்பூர் இருக்கு. சாயப்பட்டறைத் தண்ணி நொய்யல்ல கலந்து கலந்து ஒரத்துப்பாளையம் அணையில விவசாயத்துக்குத் தேங்குன தண்ணி பயிருக்கு ஆகாமப் போச்சு, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போய் 2011 ஜனவரியில சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளிய விடாம சுத்திகரிச்சாத்தான் திரும்ப ஓட்டலாம்னு. இது தண்ணி கதை. மனுஷங்க கதை 2013 ஏப்ரல் 24 அன்னைக்கு வங்கதேசத்துல நடந்துச்சு, ராணா பிளாசான்னு எட்டு மாடிக் கட்டிடம், உள்ளே கார்மெண்ட்ஸ் கம்பெனிங்க, முந்தின நாளே சுவத்துல விரிசல் விட்டும் ஆட்களை வேலைக்கு வரச் சொன்னாங்க, இடிஞ்சு விழுந்து 1,100 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் "என் துணியைத் தச்சது யாரு?"ன்னு உலகம் பூரா கேக்க ஆரம்பிச்சாங்க.

அப்போ கைத்தறி வாங்கிட்டா சரியாப் போச்சான்னா, பாதி சரி. தறி ஓட கரண்ட் வேண்டாம், புகை இல்ல, வீட்லயே வேலை, துணி கிழியற வரைக்கும் கட்டலாம், கிழிஞ்சாலும் தொட்டில் ஆகும், கைப்பிடித் துணி ஆகும். ஆனா கைத்தறியிலயும் கெமிக்கல் சாயம் உண்டு, பாலியஸ்டர் கலந்த நூல் உண்டு, பிளாஸ்டிக் ஜரிகை உண்டு, அதனால கைத்தறின்னு சொன்ன உடனே பச்சை முத்திரை குத்திர முடியாது. இதெல்லாம் ஓரளவு எல்லாரும் பேசுறாங்க. பேசாம விடுறது இன்னொண்ணு, அந்தத் துணிக்காக யாரு காத்துக் கிடக்குறா, நட்டம் வந்தா யாரு தலையில விழுது. என்னைக் கேட்டா சஸ்டைனபிளா இல்லையாங்கிறதை சாயத்தை விட இதுதான் தீர்மானிக்குது, நெய்யறவரு பையன் தறியை வித்துட்டு வேற வேலைக்குப் போயிட்டா அப்புறம் எந்த இயற்கைச் சாயத்தை எதுல போடுறது.

இது புரியணும்னா ஒரு சேலை எப்படி வருதுன்னு கிட்ட இருந்து பாக்கணும். பரமக்குடிக்கு வைகை தாண்டுனா எமனேஸ்வரம், நெசவுத் தெருக்கள், எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் வீடு அங்க இருக்கு. வாசல்ல நுழைஞ்ச உடனே முதல் ரூம்லயே தறி, தரையில குழி, குழிக்குள்ள காலை விட்டு விளிம்புல உக்காந்து மிதிப்பாரு. நம்ம கண்ணுக்குத் தெரியறது குறுக்கு நூலைக் கொண்டு போற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுற அந்த டக் டக் மட்டும்தான், ஆனா பாதி வேலை அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். சிட்டம் சிட்டமா வர்ற நூலைச் சாயம் போட்டுக் காய வச்சு, பாவு, அதாவது நீளவாக்குல போற நூலை ஓட்டி, விடியக்காலையில வெயில் ஏறுறதுக்குள்ள தெருவுல நீளத்துக்கு விரிச்சு கஞ்சி போட்டு, நாலு பேரு ரெண்டு பக்கமும் நின்னு அறுந்த இழையை முடிஞ்சு, அப்புறம் வீட்டுக்குள்ள கொண்டு வந்து பழைய பாவோட புதுப் பாவை ஒவ்வொரு இழையா பிணைக்கணும், ஆயிரக்கணக்குல இழை. அந்த அண்ணன் வீட்ல மதினிதான் பிணைப்பாங்க, விரல்ல சாம்பல் தொட்டுத் தொட்டு ரெண்டு இழையைச் சேத்து ஒரு திருகு, அடுத்தது ஒரு திருகு, பேசிக்கிட்டேதான் செய்வாங்க ஆனா கண்ணு நூலை விட்டு நகராது. ஊடைக்கு, அதாவது குறுக்க போற நூலுக்கு, தார்ங்கிற சின்னக் குழல்ல நூல் சுத்துறதும் அவங்கதான், சமையல் ஆகுற நேரத்துல ராட்டை. இந்த வேலைக்குத் தனியா கூலின்னு யாரும் கணக்கு போடுறதில்ல, சேலைக் கூலியிலயே அது அடங்கிப் போகும்.

மழைக்காலத்துல குழியில ஊத்து எடுக்கும், நூல் ஈரம் கோத்துக்கும், தெருவுல பாவு விரிக்க முடியாது, ஐப்பசி கார்த்திகையில பாதி நாள் தறி சும்மா கிடக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடைக்காரங்க அவசரம் அவசரமா கேக்குறதும் அந்த நேரத்துலதான்.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம், இது புரியறதுக்காக நான் போடுற கணக்கு, ஊருக்கு ஊரு சேலைக்குச் சேலை மாறும். 4,800 ரூபாய் சேலைக்கு நெசவுக் கூலி 900 ரூபாய்னு வச்சுக்கோங்க. தறியில ரெண்டரை நாள், தார் சுத்துறது பாவு வேலை எல்லாம் பங்கு போட்டா இன்னொரு ஒரு நாள், ஆக மூணரை நாள் உழைப்பு. வகுத்துப் பாத்தா நாளைக்கு 257 ரூபாய். தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு 2025-26க்குன்னு அறிவிச்ச கூலியே 336 ரூபாய். இருபது வருஷம் கை பழகுன தொழிலுக்கு அதை விடக் கம்மி. அதையே நாளைக்கு 500 ரூபாய் விழுற மாதிரி ஏத்துனா கூலி 1,750 ஆகும், அதாவது கூட ஒரு 850 ரூபாய். கடைக்காரங்க எல்லாம் கொள்ளை அடிக்கிறாங்கன்னு நான் சொல்ல வரல, வாடகை, போட்டோ, விக்காம தங்குற சரக்கு எல்லாம் அவங்களுக்கும் இருக்கு, ஆனா அந்த 850 ரூபாயை எங்கயாவது கண்டுபிடிக்க முடியும்னு மட்டும் நம்புறேன். 2019-20ல எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்புல நாடு முழுக்க 35 லட்சம் பேரு இந்தத் தொழில்ல இருக்காங்கன்னு வந்துச்சு, அதுல பத்துக்கு ஏழு பேரு பொம்பளைங்க, நெசவுக் குடும்பங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மாச வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டல. இந்த எண்ணைப் படிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல எனக்கு.

சரி, எத்திக்கல் கொலாபரேஷன், அதாவது நியாயமான கூட்டு வேலை. டிசைனர்களோ பிராண்டோ கைவினைக்காரங்களோட சேர்ந்து வேலை செய்யும்போது லாபமும் பேரும் முடிவெடுக்கிற உரிமையும் ரெண்டு பக்கமும் இருக்கணும், நட்டமும் ரெண்டு பக்கமும் இருக்கணும், இதான் அதோட அர்த்தம். லாபத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, அந்த நட்டம்ங்கிற இடத்துலதான் அநேகம் பேரு நழுவுவாங்க.

அந்த அண்ணனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஊர் பொட்டிக்ல இருந்து ஆர்டர் வந்துச்சு, 24 சேலை, புதுக் கலர். முதல்ல சாம்பிள் கேட்டாங்க, குடுத்தாரு, கலர் கொஞ்சம் மாத்துங்கன்னாங்க, மாத்துனாரு, இன்னும் கொஞ்சம் லைட்டா வேணும்னாங்க. நமக்கு என்னமோ ஒரு சேலை சாம்பிள்தானேன்னு தோணும், ஆனா ஒரே ஒரு சேலைக்கு பாவு போட முடியாது, பாவு ஓட்டுனா பல சேலை நீளத்துக்குத்தான் ஓட்டணும், அப்போ பாவுக் கலரை ஒரு தடவை மாத்துறதுன்னா அவ்வளவு நூலும் சாயமும் பிணைப்பும் திரும்ப முதல்ல இருந்து. மூணு சாம்பிளுக்கும் ஒரு பைசா வரல. அப்புறம் நூலுக்கு வட்டிக்கு வாங்கி 24 சேலையும் நெய்து அனுப்பி வச்சா, ஒன்பது சேலை போட்டோல பாத்த ஷேட் இல்லைன்னு திரும்பி வந்துருச்சு. அந்த ஒன்பதையும் நூல் விலைக்குத் தள்ளி விட்டாரு. "அண்ணே, எழுதி வாங்கலையா?"ன்னு கேட்டேன், "வாட்ஸ்அப்லதானம்மா பேசுனாங்க, நல்லா மரியாதையாத்தான் பேசுனாங்க"ன்னாரு. அந்தப் பொட்டிக்கோட பேஜ்ல அதே சேலைக்குக் கீழ நெசவாளர்களைக் காப்போம்னு எழுதியிருந்துச்சு.

இதைத் திருப்பிப் போட்டாலே நியாயமான கூட்டு எப்படி இருக்கும்னு வந்துரும். சாம்பிளுக்குத் தனியா காசு. ஆர்டர் போடும்போதே நூலுக்கும் கூலியில ஒரு பங்குக்கும் முன்பணம், அப்போதான் அவரு வட்டிக்குப் போக மாட்டாரு. கைச்சாயத்துல எவ்வளவு வித்தியாசம் ஒத்துக்கலாம்னு ஆர்டருக்கு முன்னாடியே ஒரு துண்டுத் துணியை வச்சு ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கணும், அதுக்குள்ள இருந்தா திருப்பி அனுப்பக் கூடாது. மழை மாசத்தையும் ஊர்த் திருவிழாவையும் கணக்குல சேத்துத்தான் தேதி குறிக்கணும், தேதி தப்புனா அபராதம்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாது. தறியைப் புரிஞ்ச டிசைனர்னா கலரை மாத்துங்கன்னு சொல்ல மாட்டாங்க, "இந்தப் பாவுலயே ஊடையை மாத்துனா எத்தனை கலர் எடுக்கலாம்?"ன்னு கேப்பாங்க, ஒரே பாவுல நாலு விதமா சேலை வரும், நூலும் வீணாகாது. இந்த ஒரு கேள்வியை வச்சே வந்திருக்கிறவங்க தறிப் பக்கம் உக்காந்து பாத்தவங்களா இல்லையான்னு சொல்லிரலாம்னு அண்ணன் சொல்வாரு.

அடுத்தது பேரும் உரிமையும். நீலகிரி தோடர் எம்பிராய்டரியை எடுத்துக்கோங்க, வெள்ளைத் துணியில சிவப்பு கறுப்பு நூல், துணியை மாட்டுற சட்டம் கிடையாது, வரைஞ்சு வச்ச டிசைன் கிடையாது, துணியோட இழையை எண்ணி எண்ணியே அந்தப் பொம்பளைங்க போடுவாங்க. இந்த எம்பிராய்டரி போட்ட போர்வைக்குப் பேரு புத்துக்குளி, விசேஷத்துக்கும் அதுதான், இறந்தவங்களைப் போத்தி அனுப்புறதுக்கும் அதுதான். இப்படி ஒரு துணியோட டிசைனை வெளியாள் ஒருத்தர் போட்டோ எடுத்து மெஷின்ல பிரிண்ட் போட்டு பை, குஷன் கவர்னு வித்தா காசு மட்டும் போகல, அதோட அர்த்தமும் சேந்து போகுது. 2013ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, அதாவது அந்த மண்ணு அந்த மக்கள் கையில வர்றதுக்கு மட்டும்தான் அந்தப் பேரைப் போடலாம். காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமுக்காளம், மதுரை சுங்குடி இதுக்கெல்லாம் அதுக்கும் முன்னாடியே இருக்கு. ஆனா புவிசார் குறியீடு பேரைத்தான் காக்கும், கூலியைக் காக்காது, காஞ்சிபுரம் பட்டுன்னு சட்டப்படி சரியான சேலையையே அடிமாட்டு கூலிக்கு நெய்ய வைக்கவும் முடியும். அதனால எதை விக்கலாம், எதை விக்கக் கூடாது, எந்த அளவுக்கு மாத்தலாம்னு அந்தச் சமூகத்துக்கிட்டயே கேட்டு நடக்கிறது தனியா ஒரு கடமை, சர்டிஃபிகேட் இருக்குன்னு அதைத் தாண்டிப் போக முடியாது.

கேக்காம எடுத்தா என்ன ஆகும்னு சமீபத்துல பாத்தோம். துணி இல்ல, செருப்பு, ஆனா விஷயம் ஒண்ணுதான். 2025 ஜூன்ல மிலான் ஃபேஷன் ஷோல பிராடாங்கிற இத்தாலி பிராண்ட் அச்சு அசல் கோலாப்பூரி மாதிரியே செருப்பை மேடை ஏத்துச்சு, இந்தியான்னோ கோலாப்பூர்னோ ஒரு வார்த்தை இல்ல. மஹாராஷ்டிராவுக்கும் கர்நாடகாவுக்கும் சேத்து 2019லயே புவிசார் குறியீடு வாங்குன பொருள் அது. கொதிச்சாங்க ஜனங்க, அப்புறம்தான் இந்தியக் கைவினைதான் மூலம்னு பிராடா ஒத்துக்கிச்சு, ஆட்களை கோலாப்பூருக்கு அனுப்புச்சு, அதே வருஷம் டிசம்பர்ல ரெண்டு மாநிலத்தோட தோல் தொழில் கார்ப்பரேஷன்களோட ஒப்பந்தம் போட்டு 2,000 ஜோடியை இங்கயே செய்ய வைக்கிறதா அறிவிச்சுது. கடைசியில நல்லதுதான் நடந்துச்சுன்னு எடுத்துக்கலாம், ஆனா மேடை ஏறுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய போன் காலை சண்டை வந்தப்புறம் பண்ணுறது கூட்டு ஆகாது.

இதுக்கு நேர் எதிரா ஒரு இடம் சொல்லணும்னா நான் குஜராத் கட்ச்சைச் சொல்வேன். 2001 ஜனவரி 26 பூகம்பத்துல அந்த ஜில்லாவே நொறுங்கிப் போச்சு, அதுக்கப்புறம் கைவினைக்காரங்களை நிமித்த வந்த வேலைகள்ல ரெண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒண்ணு, 2005ல ஜூடி ஃபிரேட்டர் ஆரம்பிச்ச கலா ரக்ஷா வித்யாலயா, அது நெசவாளிங்களுக்கும் அஜ்ரக் அச்சுக்காரங்களுக்கும் எம்பிராய்டரி போடுற பொம்பளைங்களுக்கும்னே நடத்துன டிசைன் ஸ்கூல். வெளிய இருந்து வர்ற டிசைனர் வரைஞ்சு குடுக்க, இவங்க கூலிக்குச் செய்யன்னு இருந்ததை மாத்தி, டிசைனர் சீட்டுலயே கைவினைக்காரங்களை உக்கார வச்சாங்க. இன்னொண்ணு கமீர்னு ஒரு அமைப்பு, மழையை மட்டும் நம்பி விளையிற காலா பருத்தின்னு ஒரு நாட்டு ரகத்தைத் திரும்ப தறிக்குக் கொண்டு வந்தாங்க, இழை குட்டையா முரட்டு நூலா இருக்கும், மில்லு எடுத்துக்காது, ஆனா பாசனம் வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம், அந்த முரட்டு நூலுக்கு ஏத்த மாதிரி அங்கத்து நெசவாளிங்க நெய்யுறாங்க. விவசாயி, நூல் நூக்கிறவங்க, நெசவாளி எல்லாரும் ஒரே சங்கிலி. நம்ம ஊர்லயும் கோவில்பட்டி பக்கத்துக் கரிசல்ல கருங்கண்ணி இருக்கு, தாத்தா காலத்து மானாவாரிப் பருத்தி, சென்னையில துலான்னு ஒரு அமைப்பு இது மாதிரி நாட்டுப் பருத்தியை கைநூல், கைத்தறி, இயற்கைச் சாயம்னு முழுச் சங்கிலியா கொண்டு போறாங்க.

இயற்கைச் சாயம்னு வந்ததால ஒண்ணு சொல்லிடுறேன், வாங்குற நம்ம பக்கத்து கடமையும் இருக்கு. 1950கள் கடைசியில மெட்ராஸ்ல இருந்து கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போச்சு, அங்க மெஷின்ல போட்டு அடிச்சவங்களுக்குச் சாயம் போய் கூட இருந்த துணியெல்லாம் கலர் ஆயிருச்சு, குளிர் தண்ணியில அலசணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. ஒரே சண்டை. அப்புறம் அதையே பெருமையா மாத்தி, இந்தத் துணி சாயம் போகும்னு உத்தரவாதம் தர்றோம், ஒவ்வொரு அலசலுக்கும் அழகு கூடும்னு விளம்பரம் பண்ணி ப்ளீடிங் மெட்ராஸ்னே பேரு வாங்கிட்டாங்க. சாயம் லேசா மங்குறது அந்தத் துணியோட இயல்பு, அதைக் குறைன்னு சொல்லித் திருப்பி அனுப்பாம தனியா அலசி, நிழல்ல காயப் போட்டுக் கட்டுங்க.

வாங்கும்போது என்ன பாக்கலாம்? பவர்லூம் துணியைக் கைத்தறின்னு சொல்லி விக்கிறது சர்வ சாதாரணம், 1985ல போட்ட சட்டத்துப்படி சேலை, வேட்டி, ஜமுக்காளம்னு 11 வகைத் துணியை அதுல சொல்லியிருக்கிற விதத்துல கைத்தறியில மட்டும்தான் நெய்யணும்னு ஒதுக்கியிருக்காங்க, இருந்தும் நடக்குது. கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க. நெய்யும்போது துணி சுருங்காம விரிச்சுப் பிடிக்க ரெண்டு முனையிலயும் ஊசி வச்ச ஒரு குச்சியை மாட்டுவாங்க, அந்த ஊசி குத்துன பொடி ஓட்டை ரெண்டு கரையிலயும் வரிசையா தெரிஞ்சா கைத்தறிக்கு நல்ல அறிகுறி. அப்புறம் விக்கிறவங்ககிட்ட கேளுங்க, எந்த ஊரு, யாரு நெய்தது, நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி மூலமா வாங்குறீங்களா நேரடியாவா, முன்பணம் குடுக்குறீங்களா. நல்லபடியா தொழில் பண்றவங்க இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க, சந்தோஷமா போன்ல தறி வீடியோவே காட்டுவாங்க, கோ-ஆப்டெக்ஸ்ல நெய்தவரு போட்டோ பேரு போட்ட கார்டையே சேலையோட வச்சு வித்திருக்காங்க, அதனால முடியாத காரியம் ஒண்ணும் இல்ல. எல்லா மாசமும் 4,800 ரூபாய் குடுக்க நம்மளால ஆகாதுதான், எனக்கும் ஆகாது. வருஷத்துக்கு ஆறு எடுக்குற இடத்துல ரெண்டு எடுத்து, அம்மா சேலையை எடுத்துக் கட்டி, கிழிசலைத் தச்சுப் போட்டா அதுவும் இந்தக் கணக்குலதான் வரும்.

தங்கச்சி அந்தக் கடைக்கு மெசேஜ் போட்டுக் கேட்டா. ரெண்டு நாள் கழிச்சு நெசவாளர் விவரம் எங்ககிட்ட இல்லைன்னு பதில் வந்துச்சு. அப்புறம் என்கிட்ட அண்ணன் நம்பரை வாங்கி அவளே பேசுனா, பாக்கு கலர்ல பச்சைக் கரை கேட்டா, அவரு "இப்போ தறியில மாம்பழக் கலர் பாவு கிடக்கும்மா, அது முடியணும், மழையும் விடணும், தை பிறந்துதான் ஆகும், பரவாயில்லையா?"ன்னு கேட்டிருக்காரு. பரவாயில்ல அண்ணேன்னு சொல்லி பாதிப் பணத்தை நேத்தே அனுப்பிட்டா, மதினி பெட்டியில இருந்து பாக்கு கலர் துண்டு மூணை எடுத்து வெயில்ல வச்சு போட்டோ அனுப்பி, எந்தப் பாக்குன்னு கேட்டிருக்காங்க.